பழைய 207-க்கு 407 எஞ்சின் போட்டோம்

எங்களிடம் இருப்பது டாடாமொபைல் 207 என்கிற பிக்கப் சரக்கு வண்டி. பின்னால் வந்த 207 டிஐ இல்லை, அதற்கு முந்தைய மாடல். 1948 சிசி டீசல் எஞ்சின். பழைய சுமோவில் வந்த அதே எஞ்சின்தான். சமதரையில் அதைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் சமதரை எங்கே இருக்கிறது? பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டை வழியாக ஓசூர் போனால் ஏற்றம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட 300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர். சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாட்டுக்குத் திப்பி, அதாவது மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற மரவள்ளிச் சக்கை, ஏற்றிக்கொண்டு திரும்பினால் தொப்பூர் கணவாய். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும். நம்மால் ஒதுங்கவும் முடியாது, வேகம் எடுக்கவும் முடியாது.

எஞ்சின் மாற்றுவதென்று நாங்கள் ஆசைப்பட்டு முடிவெடுக்கவில்லை. பழைய எஞ்சினில் போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்வட்டம், தேய்ந்து போயிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வரும். பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். காலையில் எஞ்சினைச் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கைப் போட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரியாகப் பிடிக்காது. பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் வேலை என்று மொத்தமாகக் கணக்குப் போட்டால் டாடா 407 லாரியின் பழைய எஞ்சின் ஒன்றின் விலையை நெருங்கியது. அண்ணன்தான் கேட்டார்: "இவ்ளோ செலவு பண்ணி மறுபடியும் இதே ரெண்டாவது கியர்லதான் ஏறணுமா?"

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எஞ்சின் நன்றாக இருந்து, வண்டி இழுக்கவில்லை என்பதற்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஏர் ஃபில்டர், கரி அடைத்த சைலன்சர், நாசில், பம்ப் காலிப்ரேஷன், டேப்பெட் இடைவெளி, வழுக்குகிற கிளட்ச் எல்லாம் பார்த்தாகிவிட்டதா? எங்கள் பங்காளி ஒருவர் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் தனக்கும் பெரிய எஞ்சின் வேண்டும் என்று நின்றார். எங்கள் பட்டறை மேஸ்திரி எஞ்சின் பக்கமே போகவில்லை. வண்டியை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லிவிட்டு நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டினார். பின்பக்க இடது டிரம் மட்டும் கிட்டே போக முடியாத அளவுக்குக் கொதித்தது. வீல் சிலிண்டர் இறுகி, பிரேக் லைனிங் டிரம்மை விடவே இல்லை. அதைச் சரி செய்ததும் அவர் எஞ்சின் பேச்சை விட்டுவிட்டார்.

சரி, எந்த எஞ்சின்? எங்களுக்கு அதில் குழப்பம் இல்லை. டாடாவில் பழைய எஞ்சின்களின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 483 என்றால் நான்கு சிலிண்டர், 83 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90; பெருக்கிப் பார்த்தால் 1948 சிசி. 497 என்றால் நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 100, 2956 சிசி. 1986-ல் வந்த 407 லாரியில் ஓடுவது இந்த 497 குடும்பம். கொள்ளளவு ஒன்றரை மடங்கு. அதோடு பழைய 483-ல் டீசல் முதலில் ஹெட்டில் இருக்கிற சின்ன அறையில் எரிந்து பிறகுதான் பிஸ்டனுக்கு வரும். அந்த அறையின் சுவரிலேயே கொஞ்சம் சூடு வீணாகும். ஹீட்டர் தேவைப்படுவதும் அதனால்தான். 497 டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின், அதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலைக்கு மேல் பாய்கிறது. நம்ம ஊர்க் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அளவைவிட முக்கியமான காரணம் வேறு. கம்பெனியே பின்னாளில் 207 டிஐ-யில் இந்த 2956 சிசி எஞ்சினைப் போட்டு விற்றது. அப்படியென்றால் அந்த எஞ்சினை இந்த மாதிரி வண்டியில் உட்கார வைக்கத் தேவையான மவுண்டிங், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கிற கூடு), ரேடியேட்டர் எல்லாம் எங்கேயோ ஒரு காயலான் கடையில் கிடக்கிறது என்று அர்த்தம். வேறு கம்பெனி எஞ்சினைக் கொண்டுவந்து, தகடு வெட்டி, வெல்டிங் அடித்து உட்கார வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சின்ன ரிப்பேருக்கும் போட்ட மேஸ்திரியையே தேடிப் போக வேண்டியிருக்கும்.

பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது: ஆர்.சி.யில் இருக்கிற விவரம், கம்பெனி முதலில் குறித்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியில் கை வைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. எஞ்சின் நம்பர், சிசி இரண்டுமே ஆர்.சி.யில் இருப்பவை, எஞ்சினை மாற்றினால் இரண்டும் மாறும். ஒரு புரோக்கர் எங்களிடம் சிசியைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், நம்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். சரக்கு வண்டி 8 வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பயந்துகொண்டே வண்டியை நிறுத்த எங்களால் ஆகாது. அது போகட்டும், விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதே எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யையும்தான். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து, இதே மாடல் பெயரில் கம்பெனி இந்த எஞ்சினைப் போட்டிருப்பதையும் காட்டி, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் எஞ்சின் தேடவே கிளம்பினோம். இது அந்தந்த அலுவலகம் வண்டியைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால், பழைய எஞ்சினையே ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து) ஓட்டுங்கள். வேறு வழி தேடாதீர்கள்.

எஞ்சின் கிடைத்தது சங்ககிரிப் பக்கம், லாரி உடைக்கிற ஒரு யார்டில். அங்கே போகும்போது காலையில் முதல் ஆளாகப் போங்கள். நாங்கள் போனதும் மேஸ்திரி செய்த முதல் காரியம், பிளாக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். சூடாக இருந்தால், நமக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஜில்லென்று இருக்கும்போது எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் கம்ப்ரஷன் தெரியும். பிறகு ஓடவிட்டு ஆயில் மூடியைத் தளர்த்தி அதன் மேலேயே வைத்தார். மூடி மெதுவாக நடுங்கியது, தள்ளிக்கொண்டு விழவில்லை. ரேடியேட்டருக்குப் பதிலாகக் கட்டியிருந்த தண்ணீர் டின்னில் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். கடைசியாக எஞ்சின் நம்பர் அடித்திருக்கிற இடத்தைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். அரம் போட்ட தடம், எழுத்து ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருப்பது, புது பெயின்ட், இதில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். பில்லில் எஞ்சின் நம்பர் எழுதி வாங்கினோம். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அதன் ஆர்.சி. ரத்தான தாளின் நகலையும் வாங்கினோம்.

அங்கேயே மேஸ்திரி என்னிடம் சொன்னார்: "தம்பி, இஞ்சினோட வேல முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காதீங்க. கியர் பெட்டி, பெல் ஹவுசிங்கு, மவுண்டிங்கு, ரேடியேட்டரு எல்லாத்தையும் ஒரே வண்டியில இருந்து புடிங்க. இல்லன்னா ஒவ்வொரு போல்ட்டுக்கும் சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் அலையணும்." எஞ்சின் 407-லிருந்து வந்தது, பெல் ஹவுசிங் 407 பெட்டிக்கானது. எங்கள் பழைய கியர் பெட்டி சின்ன எஞ்சினுக்காக வடித்தது. ஒன்றரை மடங்கு இழுவையை அது எத்தனை நாள் தாங்கும்? ஆகவே 207 டிஐ ஒன்றிலிருந்து பெட்டி, பெல் ஹவுசிங், மவுண்டிங் மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்தோம். இதற்குத்தான் அதிக அலைச்சல்.

கிருஷ்ணகிரி பட்டறையில் செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு இறக்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், அரை நாள் வேலை. உண்மையான வேலை அதற்கு முன்னால், எஞ்சின் தரையில் இருக்கும்போது நடந்தது. கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் மூக்கு, கிராங்க்கின் பின்பக்கக் குழிக்குள் இருக்கும் பைலட் பேரிங்கில் போய் உட்கார வேண்டும். எங்களிடம் இருந்த ஷாஃப்ட் மூக்குக்கும் அந்தக் குழிக்கும் அளவு ஒத்துப்போகவில்லை. லேத்தில் கன்மெட்டலில் ஒரு புஷ் கடைந்து போட்டோம். அதன் பிறகு ஃப்ளைவீலில் டயல் கேஜை (நூலளவு விலகலையும் முள்ளில் காட்டுகிற கருவியை) காந்தத்தோடு ஒட்டவைத்து, பெல் ஹவுசிங்கின் உள் வட்டத்தில் முள்ளை வைத்து, கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள். முள் எங்கே ஆடுகிறதோ அந்தப் பக்கம் ஹவுசிங் மையம் விலகி இருக்கிறது. ஹவுசிங்கை இடத்தில் நிறுத்துகிற டவல் பின்னைத் தளர்த்தி, தட்டி, மறுபடி சுற்றி, மறுபடி தட்டி, முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும்வரை விடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குப் பொறுமை போய்விட்டது. இதைச் செய்யாத பட்டறைகள்தான் அதிகம். மையம் விலகியிருந்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஷாஃப்டைப் பிடிக்கிற பற்கள் (ஸ்பிளைன்) தேயும், இன்புட் பேரிங் சத்தம் போடும், அப்புறம் பெட்டி மட்டம் என்று பெட்டிமேல் பழி போகும்.

கிளட்ச் பிளேட்டை வாங்கும்போது பல் எண்ணிக்கையைக் கையில் எண்ணிப் பாருங்கள். பிளேட்டின் வட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குச் சேர வேண்டும், நடுவிலுள்ள ஸ்பிளைன் பெட்டியின் ஷாஃப்டுக்குச் சேர வேண்டும். இரண்டும் இரண்டு வண்டியிலிருந்து வந்திருக்கும்போது கடைக்காரரிடம் வண்டிப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஷாஃப்டையே கையோடு எடுத்துப் போனோம்.

பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஜாயின்ட் ஷாஃப்டும் நீளம் மாறியது. வெட்டி வெல்டிங் செய்தால் இரண்டு முனையிலும் இருக்கிற கவைகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு ஸ்பிளைன் தள்ளிப் பூட்டினால்கூட வண்டி நடுங்கும். வெட்டிய ஷாஃப்டைப் பேலன்ஸ் பண்ணாமல் போடாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் பல. எல்லாவற்றையும் எழுதினால் நீளும். மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, பிரேக். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றுக் குழாயில் வேக்குவம் கிடைக்காது. பிரேக் மிதிக்கு வலுக் கூட்டுகிற பூஸ்டருக்கான வேக்குவத்தைத் தனியாக ஒரு பம்ப்தான் கொடுக்கும். புது எஞ்சினில் அந்தப் பம்ப் இருக்கிறதா, ஹோஸ் அளவு சேர்கிறதா, ஒருவழி வால்வு சரியான திசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை அழுத்தினால் முதல் ஓரிரு மிதி மெதுவாக இறங்க வேண்டும். எடுத்த எடுப்பில் கல்லாக இருந்தால் வேக்குவம் நிற்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் தொப்பூரில் இறங்கக் கூடாது. இரண்டாவது, நிறுத்துவது. பழைய எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்கும். இந்த எஞ்சினின் மைக்கோ டீசல் பம்ப்புக்குச் சாவி தெரியாது, ஸ்டாப் கேபிள் இழுத்தால்தான் நிற்கும். கேபிள் ஒன்றை டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவந்தோம். கூடவே, தேவையில்லாமல் போன ஹீட்டர் வயரைக் கழற்றி முனையை நன்றாக மூடினோம். அது கனமான மின்சாரம் போகிற வயர், சேஸில் பட்டால் தீ பிடிக்கும். மூன்றாவது, ஹீட் முள். பழைய மீட்டருக்குப் புது எஞ்சினின் சென்சார் சேர்வதில்லை. முள் எப்போதும் பாதிக்குக் கீழேயே நிற்கும், பார்க்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும். நாங்கள் மீட்டருக்கான சென்சாரையே புஷ் கடைந்து புது எஞ்சினில் போட்டோம். பிறகு வெப்பம் அளக்கிற துப்பாக்கியை வாங்கி, தெர்மோஸ்டாட் மூடியில் காட்டி, முள் எங்கே நின்றால் எவ்வளவு சூடு என்று கண்ணாடியில் பெயின்டால் புள்ளி வைத்துக்கொண்டோம்.

ரேடியேட்டர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பெரிய எஞ்சின் பெரிய சூட்டைத் தள்ளும். எங்கள் ஏற்றங்களில் வண்டி மெதுவாகத்தான் போகும், எதிர்க்காற்று கிடையாது; ஃபேன் இழுப்பதுதான் காற்று. அந்த ஃபேனைச் சுற்றி இருக்கிற கூடு இல்லாவிட்டால் பாதிக் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். பழைய கூடு சேரவில்லை என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஜி.ஐ. தகட்டில் ஒன்று அடித்துப் போட்டால் போதும்.

இனி கியர் கணக்கு. இதைத்தான் நிறையப் பேர் பார்ப்பதில்லை. பழைய 483 சுற்றிச் சுற்றிச் சக்தி எடுக்கிற எஞ்சின், 4000 சுற்றைத் தாண்டியும் ஓடும். 497 அப்படியில்லை, 3000 சுற்றுக்குள்ளேயே அதன் பிழைப்பு. ஆகவே பின் அச்சின் கிரவுன் பினியன் கணக்கை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஜாயின்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, தெரிந்துகொள்ளாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால், ஏற்றத்தில் பாய்கிற வண்டி நெடுஞ்சாலையில் கத்தும். கணக்கைக் கண்டுபிடிக்க ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. வண்டி உருளாதபடி கட்டை வைத்துவிட்டு, பெட்டியை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது ஜாயின்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் கணக்கு. மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதியாக்கிவிடும், அதனால்தான் இரண்டு சுற்று. எங்களுக்கு ஐந்தை ஒட்டி வந்தது. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைத் தள்ளி அளந்தால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். நேர் கியரில் (எஞ்சினும் ஜாயின்ட் ஷாஃப்டும் ஒரே சுற்றில் சுற்றுகிற கியரில்) 80 கிலோமீட்டர் வேகம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 606 சுற்று, எஞ்சின் 3000 சுற்று. அதாவது எஞ்சினின் உச்சி. ஐந்தாவது கியரில் போட்டால் அது 2400-ஐ ஒட்டி இறங்குகிறது. பழைய எஞ்சினில் பாரத்தோடு ஐந்தாவது கியர் என்பது பேருக்குத்தான் இருந்தது. இப்போது தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் பாரத்தோடு அதில்தான் போகிறோம். கிரவுன் பினியனை மாற்றும் செலவு மிச்சமானது இப்படித்தான்.

முன்பக்கம் எடை கூடும். எஞ்சின் இறக்குவதற்கு முன் முன்சக்கர வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து வையுங்கள். எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு எடுங்கள். வேலை முடிந்த பிறகு மறுபடி இரண்டும் எடுங்கள். முன்பக்கம் எவ்வளவு கனத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்பிரிங்கைப் பற்றி முடிவெடுக்க முடியும். அலைன்மென்டும் அதற்குப் பிறகுதான்.

பாரத்தைப் பற்றி வீட்டிலேயே சண்டை வந்தது. எஞ்சின் இழுக்கிறது என்றதும் அண்ணன் இன்னும் பத்து மூட்டை திப்பி ஏற்றலாம் என்றார். எஞ்சின் பெரிதானதால் ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழையவைதான். அதிக பாரத்துக்குப் பிடித்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். அதைவிடத் தொப்பூர் இறக்கம்தான் எனக்குப் பயம். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்குகிற அந்தப் பக்கத்தில் பிரேக் போன லாரிகள் எத்தனை வண்டிகளை இடித்துத் தள்ளியிருக்கின்றன என்பது இந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். சுங்கச்சாவடி தாண்டியதும் மூன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் கூடவே கூடாது. பெரிய எஞ்சினால் இங்கே ஒரு நன்மை உண்டு: கியரில் இருக்கும்போது அதன் பிடிப்பு பழையதைவிட நன்றாகத் தெரிகிறது. மூட்டை விஷயத்தில் அண்ணன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

டீசல் கணக்கு கேட்பவர்களுக்கு: காலி வண்டியில் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. பாரத்தோடு ஏறும்போது பழையதைவிடக் குறைவு. பழையது முழு மிதியிலேயே ஏறிக்கொண்டிருந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. டீசலை மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்க வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, எஞ்சினுக்குக் கொடுத்த தொகையைவிட மற்றவற்றுக்குக் கொடுத்தது அதிகம். எஞ்சின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் வண்டி பாதியில் பட்டறையில் நிற்கும். தக்காளி அதற்காகக் காத்திருக்காது. மாம்பழ சீசனுக்கு முன்னால் தொடங்காமல், சீசன் முடிந்த கையோடு வண்டியை விட்டது நல்லதாகப் போயிற்று.

இறக்கிய 483 எஞ்சினை உதிரி பாகத்துக்காக ஒரு சுமோக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கொடுத்த பில்லிலும் எஞ்சின் நம்பரையும் தேதியையும் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. அனுமதித் தாளோடு சேர்த்து லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். அந்த நம்பர் பழைய ஆர்.சி. நகலில் இன்னும் எங்கள் பெயரோடுதான் இருக்கிறது. நாளைக்கு அந்த எஞ்சின் எந்த வண்டியில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்?